எண்ணெய் மாற்றுவதற்கும் புரோகிதம் வேண்டுமா?

மதுரை நகரத்திலும், அதைச் சுற்றியுள்ள மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, அலங்காநல்லூர் முதலிய ஊர்களிலும் இன்று மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ நிற்காத தெருவைக் காண்பது அரிதாய் விட்டது. ஒரு காலத்தில் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களும் பெரிய பணக்காரர்களும் மாத்திரமே ஏறி உட்காரக் கூடியதாயிருந்த இந்த இயந்திரம், இன்று பால்காரருடைய கேனையும், கொத்தனாருடைய கரண்டியையும், விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்ச் சேர வேண்டிய மல்லிகை மூட்டையையும் சுமந்துகொண்டு ஓடுகிறது. எவன் கால்நடையாய்த்தான் போக வேண்டும் என்று ஊர் கட்டுப்பாடு செய்திருந்ததோ, அவனே இன்று வண்டியில் ஏறித் தெரு வழியே போகிறான் என்றால், அது மகிழ்ச்சியடையத் தக்க மாறுதலே என்பதில் நமக்குச் சிறிதும் சந்தேகம் கிடையாது.

ஆனால், வண்டி நமக்கு வந்து சேர்ந்த அளவுக்கு வண்டியைப் பற்றிய அறிவு நமக்கு வந்து சேர்ந்ததா என்று பார்த்தால், வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. புது வண்டி வாங்கினவுடன் அதை எந்தக் கோவில் வாசலில் நிறுத்துவது, எத்தனை எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்குவது, எந்த நாழிகையில் சாவியைத் திருப்புவது, ஆயுத பூஜைக்கு எங்கெங்கே சந்தனம் பூசுவது என்பவைகளெல்லாம் நம்மில் எல்லோருக்கும் தெரிந்திருக்கின்றன. அதே வண்டியின் வயிற்றில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது, அதை எங்கே பார்ப்பது, எப்போது மாற்றுவது என்று கேட்டால் மாத்திரம், "அதெல்லாம் மெக்கானிக்குக்குத்தான் தெரியும்" என்று பதில் வருகிறது. எலுமிச்சம்பழம் நசுங்கினதால் எந்த இயந்திரமாவது ஒரு மைல் அதிகமாய் ஓடிற்று என்று யாராவது காட்டக் கூடுமா? எண்ணெய் வற்றிப் போனதால் பிஸ்டன் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்று போன வண்டிகளையோ, வேண்டுமானால் ஊருக்குப் பத்து காட்டலாம்.

இதைவிட வேடிக்கையான சங்கதி ஒன்று உண்டு. சனிக்கிழமையன்று எண்ணெயும் இரும்பும் வாங்கக் கூடாது, வாங்கினால் சனி பிடிக்கும் என்று நம்மவர்களில் அநேகர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதே சனிக்கிழமையன்றுதான் ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்றும் சொல்லுகிறார்கள். தலையில் ஊற்றும் எண்ணெயைச் சனிபகவான் மன்னிப்பாராம், கடையில் வாங்கும் எண்ணெயை மன்னிக்க மாட்டாராம்! சனிக்கிழமை மாலையில் வாரக் கூலி வாங்குகிறவன் அன்றைக்கே வண்டிக்கு எண்ணெய் வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் மாற்றிக் கொள்ளலாம். அதைத் தள்ளிப் போட்டு, திங்கட்கிழமை வேலை நாளில் கூலியைக் கெடுத்துக்கொண்டு ஒரு கடை வாசலில் காத்து நிற்பதுதான் இந்த நம்பிக்கையால் அவன் கண்ட பலன்.

எண்ணெயின் வேலை

நிற்க, இந்த எண்ணெய் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் கவனிப்போம். வண்டி ஓடும்போது அதன் பிஸ்டன் நிமிஷத்திற்கு ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் போய் வருகிறது. உலோகத்தோடு உலோகம் நேராய் உராய்ந்தால் இரண்டும் சூடேறி ஒன்றையொன்று தின்றுவிடும். எண்ணெயானது இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஏடு போல் நின்று அந்த உராய்வைத் தடுக்கிறது. சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. கரியையும் உலோகத் துகளையும் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்கிறது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் என்ஜின், கியர், கிளட்ச் ஆகிய மூன்றுக்கும் இந்த ஒரே எண்ணெய்தான். ஆனதினால்தான் காருக்கு ஊற்றும் எண்ணெயை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றக் கூடாது என்கிறார்கள். காருக்கான எண்ணெய்களில் வழுக்கலுக்காகச் சேர்க்கப்படும் சில சரக்குகள் கிளட்சை வழுக்கிவிடச் செய்யும். இதற்காகவே ஜப்பான் தேசத்தார் 1998 இல் ஒரு தனி அளவுகோல் ஏற்படுத்தினார்கள். டப்பாவின் மேல் ஜாசோ எம்.ஏ. என்று போட்டிருப்பது அதுவே. இதில் மந்திரமும் இல்லை, மறைபொருளும் இல்லை. படித்துப் பார்க்கிறவனுக்கு எல்லாம் டப்பாவின் மேலேயே இருக்கிறது.

எண்ணெய் கறுத்துப் போய்விட்டது, ஆகையால் கெட்டுப்போய் விட்டது என்று சொல்லுவதும் பூராவும் சரியல்ல. அழுக்கை இழுத்துக்கொள்வதே எண்ணெயின் வேலையாயிருக்கும்போது, அது கறுப்பது தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளமேயல்லாமல் வேறல்ல. எப்போது மாற்றுவது என்பதை நிறத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது. வண்டியோடு கொடுக்கப்பட்ட புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சின்ன வண்டிகளில் பெரும்பாலானவற்றின் புத்தகங்கள் 3,000 முதல் 6,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்று சொல்லுகின்றன. சில பெரிய வண்டிகளுக்கு அதற்கும் மேல். ஆனால் வாய்வழியாய் வழங்குகிற கணக்கோ 2,000 என்று நிற்கிறது.

இந்தக் கணக்கைப் பணத்தில் பாருங்கள். நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு மாதம் 1,200, வருஷம் 14,400 கிலோமீட்டர் ஆகிறது. 2,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றினால் வருஷத்தில் ஏழு தடவைக்கு மேல் மாற்ற வேண்டும். புத்தகம் 4,000 என்று சொல்லும் வண்டியானால் மூன்று நான்கு தடவையே போதும். லிட்டர் 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், எண்ணெயில் மாத்திரம் வருஷத்திற்கு ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வருகிறது. கூலி இதில் சேரவில்லை. இது ஒரு ஏழைக் குடும்பத்துக்குப் பிள்ளைகளின் புஸ்தகச் செலவாகாதா? இன்னொரு பக்கத்தில், காசில்லை என்று பத்தாயிரம் கிலோமீட்டர் வரையில் எண்ணெயையே பாராமல் ஓட்டி, கடைசியில் என்ஜினைப் பிரித்துக் கட்ட ஆயிரக்கணக்கில் கடன் வாங்குகிறவர்களும் உண்டு. அதிகமாய் மாற்றுகிறவனும், மாற்றாமலே விடுகிறவனும் நஷ்டமடைவது ஒரே காரணத்தினால்தான். இருவருக்கும் தங்கள் வண்டியைப் பற்றித் தெரியாது.

செய்வது எப்படி?

இதைச் செய்வதற்கு என்ன யோக்கியதை வேண்டும்? பரீட்சை பாஸ் செய்திருக்க வேண்டுமா? ஒரு ஜாதியில் பிறந்திருக்க வேண்டுமா? ஒன்றும் வேண்டாம். வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். அந்த இளஞ்சூட்டில் எண்ணெய் இளகி, அடியில் தங்கின அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். சைலன்ஸரில் கை படாமல் அடியில் ஒரு தட்டை வைத்து, மேலே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, கீழேயிருக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்ற வேண்டும். போல்ட்டின் தலையை நேராய்ப் பார்க்கும் நிலையில், கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்த் திசையில் திருப்ப வேண்டும். மேலேயிருந்து குனிந்து பார்த்தால் திசை தலைகீழாய்த் தோன்றும். இதில்தான் புதியவர்கள் ஏமாந்து, கழற்றுவதற்குப் பதிலாய் இறுக்கி விடுகிறார்கள்.

எண்ணெய் சொட்டுவது நின்ற பிறகு போல்ட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு, முதலில் கையாலேயே திருகி, பிறகு ஸ்பேனரால் அளவோடு இறுக்க வேண்டும். பலத்தைக் காட்டும் இடம் இதுவல்ல. என்ஜினின் அடிப்பாகம் அலுமினியத்தாலானது, போல்ட்டோ இரும்பு. வீரம் காட்டி முறுக்கினால் மரை போய்விடும், பிறகு நூறு ரூபாயில் முடிய வேண்டிய காரியம் ஆயிரத்தில் முடியும். இவ்வளவு என்று அளந்து இறுக்குவதற்கென்றே ஒரு ஸ்பேனர் இருக்கிறது. தனி வடிகட்டி உள்ள வண்டியானால் புத்தகம் சொல்லுகிறபடி அதையும் மாற்ற வேண்டும். பிறகு எண்ணெயை அளந்து ஊற்ற வேண்டும். சின்ன வண்டிகளுக்குச் சுமார் ஒரு லிட்டர் அல்லது அதற்குக் கொஞ்சம் குறைவு, புல்லட் போன்றவைகளுக்கு இரண்டு லிட்டருக்கு மேல். ஒரு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி, சற்றுப் பொறுத்து, டிப்ஸ்டிக்கில் இரண்டு கோடுகளுக்கு நடுவே எண்ணெய் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்தாலும் கெடுதி, மிஞ்சினாலும் கெடுதி. கடைசியாக, தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். இவ்வளவுதான் தோழர்களே, இதன் சாஸ்திரம்! சோறு வடிக்கத் தெரிந்தவனுக்கு எண்ணெய் வடிக்கத் தெரியாதா?

தெரியாதவனுக்கும் தெரிந்தவனுக்கும் நடுவில்

புரோகிதத்தின் பலம் எங்கேயிருக்கிறது? நமக்குப் புரியாத பாஷையில் ஒருவன் ஒன்றைச் சொல்ல, அது என்னவென்று கேட்பதற்கு நாம் வெட்கப்பட்டுக்கொண்டோ பயந்துகொண்டோ தட்சிணையைக் கொடுத்துவிட்டு வருவதில்தான் இருக்கிறது. வண்டி விஷயத்திலும் இதேதான் நடக்கிறது. "இது போய்விட்டது, அதையும் மாற்ற வேண்டும்" என்று சொன்னால், எது போயிற்று, எங்கே காட்டு என்று கேட்கிறவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்? இதில் மெக்கானிக் தோழர்களைக் குற்றம் சொல்லுவது நமது நோக்கமல்ல. அவர்களில் பெரும்பாலோர் வெய்யிலிலும் புகையிலும் முதுகு வளையப் பாடுபடுகிற தொழிலாளிகள். கேட்காதவனிடத்தில் சொல்லாமலிருப்பது எந்தத் தொழிலிலும் உள்ள வழக்கமே. குற்றம் கேட்காதவனுடையது. ஆகையால் ஒழிய வேண்டியது மெக்கானிக் அல்ல, நமது கேளாமைதான்.

தன் கையால் ஒரு தடவை எண்ணெய் மாற்றினவன், பிறகு எந்தப் பட்டறைக்குப் போனாலும் வேறு மனிதனாய்ப் போகிறான். என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று கேட்கிறான். நல்ல வேலையை நல்ல வேலை என்று தெரிந்து, அதற்கு நியாயமான கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கிறான். வேலையின் கஷ்டம் தெரியாதவன்தான் கூலியில் கழிப்பான்.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் பள்ளிப்படிப்பு அதிகமில்லாதவர். ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஏறி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு, நமக்கும் இது வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த ரட்ஜ் வண்டியை வாங்கினார். வாங்கினவர் அதற்கு மாலை போட்டுக் கும்பிட்டுக்கொண்டு நிற்கவில்லை. அக்கக்காய்ப் பிரித்துத் திரும்பப் பூட்டினார். 1920 இல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டத் தொடங்கி, பிறகு பெரிய போக்குவரத்து ஸ்தாபனத்தையும் தொழிற்சாலைகளையும் உண்டாக்கி, தொழிற்கல்விக்கும் வழி செய்தார். பிரித்துப் பார்க்கும் புத்தியிலிருந்து வந்தவை அவை. மதுரைக்கும் இதில் பங்கு உண்டு. 1911 இல் டி. வி. சுந்தரம் அய்யங்கார் மோட்டார் வியாபாரத்தைத் தொடங்கியது இந்த மதுரையில்தான். நூறு வருஷத்திற்கு மேலாக மோட்டாரோடு பழகி வரும் ஊர் நம்முடையது. இந்த ஊரில் வண்டி வைத்திருக்கிறவனுக்கு டிப்ஸ்டிக் இருக்குமிடம் தெரியாது என்றால் அது யாருக்கு அவமானம்?

பொதுப் பட்டறை

"இதெல்லாம் சரி, ஆனால் ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கிறவன் எங்கே வைத்துச் செய்வது? ஸ்பேனருக்கு எங்கே போவது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செல்லூரிலும் சிம்மக்கல்லிலும் சந்துக்குள் குடியிருக்கிறவனுக்கு வண்டியை நிறுத்தவே இடமில்லை. வருஷத்தில் நான்கு தடவை உபயோகிப்பதற்காக ஒவ்வொருவனும் ஸ்பேனர் செட்டும், அளந்து இறுக்கும் கருவியும், தட்டும், புனலும் தனித்தனியே வாங்குவதும் வீண் செலவு. இதற்குப் பரிகாரம் பொதுப் பட்டறையே.

இருபது பேர் தலைக்கு 500 ரூபாய் போட்டால் பத்தாயிரம் ரூபாய் சேருகிறது. அதில் நல்ல ஸ்பேனர்கள், ஒரு அளவு ஸ்பேனர், தட்டு, புனல், அளவுக் குவளை, கையுறை, பழைய எண்ணெய் வைக்க மூடியுள்ள பீப்பாய் ஆகியவை வாங்கிவிடலாம். ஒரு கொட்டகையும், சிமிண்டுத் தரையும், ஒரு விளக்கும் வேண்டும். ஒவ்வொரு வண்டியின் புத்தகத்திலும் ஒரு பிரதி அங்கே இருக்க வேண்டும். எடுத்த சாமானைத் துடைத்து எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது ஒன்றே சட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்து, பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கச் செய்ய வேண்டும். அவர் செய்யக் கூடாது, சொல்லித்தான் கொடுக்க வேண்டும். பத்திரிகை வாங்க முடியாதவன் ஊர் வாசகசாலைக்குப் போய்ப் படித்து அறிவு பெற்றது எப்படியோ, அப்படியே ஸ்பேனர் வாங்க முடியாதவன் பட்டறைக்குப் போய்க் கைத்தொழில் பெறட்டும். வாசகசாலை கண்ட ஊர்களுக்கு இது ஒரு பெரிய காரியமா?

இது நடவாத காரியம் என்று சொல்லுகிறவர்கள் வெளியே கொஞ்சம் பார்க்க வேண்டும். அமெரிக்க ராணுவ முகாம்களில் சிப்பாய்கள் தங்கள் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் தாங்களே பழுது பார்த்துக்கொள்ள இடமும் கருவியும் மணிக் கணக்கில் வாடகைக்குக் கொடுக்கும் பொதுப் பட்டறைகள் இருக்கின்றன. ஜெர்மனியிலும் அப்படியே. 2009 இல் ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற அம்மையார் தொடங்கின பழுதுபார்க்கும் கூட்டம், உடைந்த சாமானை எறியாமல் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சரிசெய்யும் ஏற்பாடு, இன்று பல தேசங்களில் பரவியிருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாமென்றால், நமது கிராமங்களிலேயே டிராக்டரும் கதிரறுக்கும் இயந்திரமும் தனியாய் வாங்க முடியாத குடியானவர்களுக்காக வேளாண் இயந்திர வாடகை மையங்கள் நடக்கின்றன. டிராக்டரைப் பொதுவில் அனுபவிக்கத் தெரிந்த நமக்கு ஸ்பேனரைப் பொதுவில் அனுபவிக்கத் தெரியாதா?

ஆட்சேபணைகள்

"அவனவன் தொழிலை அவனவன் செய்ய வேண்டும், குமாஸ்தா ஏன் கையில் கரி பூசிக்கொள்ள வேண்டும்?" என்பது முதல் ஆட்சேபணை. இது எங்கேயிருந்து வந்த வார்த்தை என்பது நமது வாசகர்களுக்குத் தெரியும். அவனவன் தொழில் அவனவனுக்கு என்கிற ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதானே இத்தனை நூற்றாண்டு ஒருவன் மூளையும் ஒருவன் முதுகுமாய் இந்த நாடு பிரிக்கப்பட்டுக் கிடந்தது? 1953 இல் சென்னை ராஜ்யத்தில், பள்ளிப் பிள்ளைகள் பாதி நாள் தகப்பன் தொழிலைக் கற்க வேண்டும் என்று ஒரு திட்டம் வந்து, ஜனங்களுடைய எதிர்ப்பால் 1954 இல் கைவிடப்பட்டது ஏன்? கைத்தொழில் இழிவானது என்பதாலா? இல்லை. கைத்தொழிலைப் பிறப்போடு முடிச்சுப் போட்டதால். நாம் சொல்லுவது அதற்கு நேர் விரோதமானது. பேனா பிடித்தவன் மகன் ஸ்பேனர் பிடிக்கட்டும். ஸ்பேனர் பிடித்தவன் மகள் பேனா பிடிக்கட்டும். கை கறுப்பதால் ஒருவனுக்கு இழிவு வரும் என்று எண்ணுகிற வரையில், கறுத்த கையோடு பிழைக்கிறவனை நாம் மனதார மதிக்கப் போவதில்லை.

அன்றியும் பொதுப் பட்டறையில் மற்றொரு நன்மையும் இருக்கிறது. வண்டிக்கும் ஜாதிக்கும் நம் ஜில்லாக்களில் பழைய வழக்கு உண்டு. ஒரு காலத்தில் தாழ்த்தப்பட்ட மக்களைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டோம் என்று சொன்ன முதலாளிகள் இருந்தார்கள். ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராயிருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் அவர்கள், அப்படி ஏற்ற மறுக்கிற பஸ்களின் லைசென்ஸே ரத்தாகும் என்று கட்டளையிட்ட பிறகுதான் அந்தத் திமிர் அடங்கிற்று. 1929 இல் செங்கல்பட்டில் நடந்த முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவரே. இன்று பஸ்ஸில் யாரும் ஏறலாம். ஆனால் ஒரே தெருவில் வண்டி வைத்திருக்கும் இரண்டு ஜாதிக்காரர்கள் ஒருவர் வீட்டு வாசலில் ஒருவர் உட்கார்ந்து பேசுவது எத்தனை ஊர்களில் உண்டு? ஒரே தட்டில் இருவருடைய எண்ணெயும் வடிய, ஒரே ஸ்பேனர் கை மாற, ஒருவன் வண்டியை ஒருவன் பிடித்துக்கொள்ளும் இடத்தில் தீட்டு எங்கே உட்காரும்? பொதுக் கிணற்றுக்கும் பொதுத் தெருவுக்கும் போராடின நாம் ஒரு பொது வேலை செய்யும் இடத்தை நாமாகவே உண்டாக்கக் கூடாதா?

"பெண்கள் எப்படி வருவார்கள்?" என்பது இரண்டாவது. ஏன் வரமாட்டார்கள்? 1991 இல் தொடங்கி புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், ஊரார் கேலியைப் பொருட்படுத்தாமல் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் சைக்கிளில் வைத்துத் தாங்களே ஓட்டிப் போனார்கள். 2018 இல் வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் வரையில் மானியம் கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசாங்கம் தொடங்கிற்று. ஓட்டுகிறவள் அவள், ஆனால் எண்ணெய் பார்ப்பதற்கு மாத்திரம் தகப்பனோ புருஷனோ அண்ணனோ வர வேண்டும் என்றால், அந்த வண்டி பாதிதான் அவளுடையது. இரவு வேலை முடிந்து தனியே வரும் பெண்ணுக்கு வண்டி நடுவழியில் நின்று போகாமலிருப்பது ஒரு அலங்கார விஷயமல்ல. ஆகையால் பொதுப் பட்டறையில் முதல் சாவி பெண்கள் கையில் கொடுக்கப்பட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

"மெக்கானிக்குகளின் பிழைப்பு போய்விடுமே" என்பது மூன்றாவது. எண்ணெய் மாற்றுவது பட்டறை வேலைகளில் மிகச் சிறியது. என்ஜின் பிரிப்பதும், மின்சாரக் கோளாறு கண்டுபிடிப்பதும் என்றைக்கும் கைதேர்ந்தவர்களுடைய வேலையாகவே இருக்கும். அதற்கு அவர்களுக்கு இன்னும் அதிகக் கூலி கிடைக்க வேண்டும் என்றே நாம் சொல்லுகிறோம். இந்தச் சின்ன வேலையைப் பெரும்பாலும் யார் செய்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். "டேய் பையா, இந்த வண்டிக்கு ஆயில் மாத்து" என்று பட்டறைகளில் கேட்கிற சத்தத்திற்கு ஓடிவருகிற பையனின் வயது என்ன? குழந்தைத் தொழிலாளர் பற்றிய 1986 ஆம் வருஷத்துச் சட்டத்தின் ஆபத்தான தொழில்கள் பட்டியலில் மோட்டார் பட்டறையும் சேர்க்கப்பட்டது. 2016 இல் வந்த திருத்தத்தின்படி 14 வயதிற்குட்பட்டவர்களைக் கூலிக்கு எந்தத் தொழிலிலும் வைக்கக் கூடாது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, பையன் வண்டிக்கடியில் இருக்கிறான் என்றால், அந்த வண்டி யாருடையது? நம்முடையதல்லவா? நம் கை கறுக்கக் கூடாது என்பதற்காக ஒரு குழந்தையின் கை கறுப்பதைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிற நாம், ஜாதிக் கொடுமையைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை உள்ளவர்கள்?

வடித்த எண்ணெய்

கடைசியாக முக்கியமான ஒரு விஷயம். வடித்த எண்ணெயை என்ன செய்வது? இன்று சாக்கடையிலும், கண்மாய்க் கரையிலும், வைகை மணலிலும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கொசு சாகும் என்று தெருவில் ஊற்றுகிறவர்களும், மாட்டின் புண்ணுக்குத் தடவலாம் என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு லிட்டர் எண்ணெய் பத்து லட்சம் லிட்டர் தண்ணீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா எச்சரித்திருக்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் 1895 இல் மலையைத் துளைத்துக்கொண்டு நம் பக்கம் வந்ததால்தான் மேலூர்ச் சீமை பச்சையாயிற்று. அந்தத் தண்ணீர் வந்து நிற்கும் கண்மாயில் இந்த எண்ணெயை ஊற்றுகிறவன் தன் சோற்றிலேயே ஊற்றுகிறான்.

தோலுக்கும் இது ஆகாது. லங்காஷயர் பஞ்சாலைகளில் கதிர் எண்ணெயில் உடுப்பு நனைய நனைய வருஷக் கணக்கில் வேலை செய்த நூற்பாளிகளுக்குப் புற்றுநோய் வந்ததை 1922 இல் வைத்தியர்கள் எடுத்துக் காட்டினார்கள். ஆலை ஊராகிய மதுரைக்கு இது சம்பந்தமில்லாத சங்கதியல்ல. ஓடிக் கறுத்த என்ஜின் எண்ணெய் அதைவிட நல்லதல்ல. ஆகவே கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். பட்டால் உடனே சோப்பால் கழுவ வேண்டும், பெட்ரோலால் கழுவக் கூடாது. வீட்டில் தனியே செய்கிறவன் ஒரு லிட்டரை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் சாக்கடையில் ஊற்றி விடுகிறான். பொதுப் பட்டறையில் நூறு வண்டியின் எண்ணெய் ஒரு பீப்பாயில் சேர்ந்தால், அனுமதி பெற்ற சுத்திகரிப்புக்காரரிடம் சேர்ப்பிக்கலாம். சுத்தம் செய்த எண்ணெய் திரும்பவும் எண்ணெயாகவே உபயோகப்படும். 2023 இல் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படி, 2024 ஏப்ரல் முதல் எண்ணெய் உற்பத்தி செய்கிறவர்களுக்கே பழைய எண்ணெயைத் திரும்பச் சேகரித்துச் சுத்திகரிக்கச் செய்யும் பொறுப்பு ஏற்பட்டிருக்கிறது. ஆகையால் நாம் யாரிடத்திலும் தர்மம் கேட்கப் போவதில்லை, பாத்தியதையைத்தான் கேட்கப் போகிறோம்.

எனவே தோழர்களே! ஒவ்வொரு ஊரிலுமுள்ள மன்றங்களும், வாலிபர் சங்கங்களும், தொழிலாளர் சங்கங்களும் வரும் ஆயுத பூஜைக்குப் பொரியும் பூசணிக்காயும் வாங்க எடுத்து வைத்திருக்கும் காசில் ஒரு பாதியையாவது ஸ்பேனருக்குச் செலவழிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். ஒரு கொட்டகை, இருபது பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் ஆரம்பித்து விடலாம். நாள் பார்க்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது டிப்ஸ்டிக் ஒன்றுதான்.